லேசர் முடி நீக்கம்: பலன் உண்டா, செலவுக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களில் பாதிப் பேர் விளம்பரத்தைப் பார்த்து மயங்கியவர்கள், மீதிப் பேர் பணத்தைக் கட்டிவிட்டுக் குழம்பிப்போனவர்கள். இரு தரப்பும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்குப் பூசி மெழுகாமல் பதில் எழுத முயன்றிருக்கிறேன். லேசர் நல்ல சிகிச்சை. ஆனால் யாருக்கு, எந்த இடத்தில், எந்த மெஷினில் என்பதைப் பொறுத்து அதே சிகிச்சை வரமாகவும் ஆகும், வீண் செலவாகவும் ஆகும்.

லேசர் உண்மையிலேயே பலன் தருமா?

தரும். முடி கறுப்பாகவும் தடிமனாகவும் இருந்து, உங்கள் நிறத்துக்கு ஏற்ற மெஷினை விவரம் தெரிந்த ஒருவர் கையாண்டால் நன்றாகவே தரும். சில வார இடைவெளியில் பல சிட்டிங்காகச் செய்யும் முழுச் சுற்றும் முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு முடி பாதிக்கு மேல் குறைந்திருக்கும். ஒத்துழைக்கும் இடங்களில் 70, 80 சதவீதம் வரைகூடக் குறையும். மிச்சம் வருவதும் மெலிந்து, நிறம் வெளுத்து, மெதுவாகத்தான் வளரும்.

அக்குள், அந்தரங்கப் பகுதி, முழங்காலுக்குக் கீழே ஆகிய மூன்று இடங்களிலும் லேசர் சொன்னபடி கேட்கும். முகத்தில், அதிலும் தாடையில், பலன் வரும் என்றாலும் ஹார்மோனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆண்களின் முதுகு, தோள், மேல்கை நிறையப் பொறுமை கேட்கும் இடங்கள். கன்னத்தில் இருக்கும் பூனைமுடிக்கு லேசர் வேண்டவே வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

ஒருமுறை செய்துவிட்டால் முடி திரும்ப வரவே வராதா?

வரும். குறைவாக வரும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இந்தக் கருவிகளுக்கு அனுமதித்திருப்பது "நிரந்தர முடிக் குறைப்பு" என்ற உரிமைகோரலை மட்டும்தான். சிகிச்சைச் சுற்று முடிந்தபின் மீண்டும் முளைக்கும் முடியின் எண்ணிக்கை நீண்டகாலத்துக்குக் குறைந்தே இருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். ஒரு முடிகூட இருக்காது என்ற உறுதி அதில் இல்லை.

நடைமுறையில், சுற்று முடிந்த பிறகு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பராமரிப்பு சிட்டிங் பலருக்குத் தேவைப்படுகிறது. இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் யாராவது மொத்தத் தொகை சொன்னால், அது முழுக் கணக்கு இல்லை.

முடியை லேசர் எப்படி அழிக்கிறது?

முடிக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின். லேசர் ஒளியை அந்த மெலனின் உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு முடித்தண்டின் வழியாக இறங்கி, புது முடியை உண்டாக்கும் செல்களைச் சுடுகிறது. முடி நமக்கு ஒரு கம்பி மாதிரி உதவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பிடித்துத்தான் சூடு வேருக்குப் போகிறது.

இதற்கான அடிப்படைக் கோட்பாட்டை 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சுட வேண்டிய நிறப்பொருள் உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, சூடு பக்கத்தில் பரவுவதற்குள் முடிந்துவிடும்படி ஒளியை மிகக் குறுகிய துடிப்பாகப் பாய்ச்சினால், சுற்றியிருக்கும் திசு தப்பித்துவிடும் என்பதுதான் அது. 1990-களின் நடுவில் முடி நீக்கத்துக்கான முதல் கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது.

இது புரிந்துவிட்டால் மற்ற எல்லாப் பதில்களும் தானாகப் புரியும். மெலனின் இல்லாத முடியை லேசர் பார்க்காது. மெலிந்த முடியால் போதுமான சூட்டைக் கொண்டுபோக முடியாது. வேரோடு பிடுங்கிய இடத்தில் சூடு பிடிக்க எதுவுமே இருக்காது. சருமத்திலும் மெலனின் இருப்பதால் அதுவும் சூடாகும். கருத்த சருமத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஒரே சிட்டிங்கில் ஏன் முடிவதில்லை?

உடம்பில் இருக்கும் எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில ஓய்வில் இருக்கும், சில உதிரத் தயாராக இருக்கும். வளரும் பருவத்தில் இருக்கும் முடியில்தான் மெலனின் நிறைந்து, வேரோடு ஒட்டியிருக்கும். லேசர் நன்றாகப் பிடிப்பது அதைத்தான். தலைமுடியில் பத்தில் எட்டு, ஒன்பது முடி எந்த நேரத்திலும் வளர்பருவத்தில் இருக்கும். உடல் முடியில் அந்தப் பங்கு வெகு குறைவு.

அதனால் 6 முதல் 8 சிட்டிங் என்பது சாதாரணக் கணக்கு. முகத்துக்கும், கருத்த சருமத்துக்கும், ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கும் அது கூடும். இடைவெளி முகத்துக்கு 4 முதல் 6 வாரம், உடம்புக்கு 6 முதல் 8 வாரம். கால் முடி மெதுவாகத் திரும்புவதால் பிந்தைய சிட்டிங்குகளுக்கு அதைவிடவும் தள்ளிப் போகலாம். "வாரா வாரம் வாருங்கள், சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முடி முளைக்காத இடத்தில் லேசர் அடிப்பதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

என் நிறம் கருப்பு. எனக்கு லேசர் ஆகுமா?

ஆகும். ஒரு காலத்தில் கருத்தவர்களுக்கு லேசர் கூடாது என்றே சொன்னார்கள். அப்போது இருந்த ரூபி லேசரின் அலைநீளம் 694 நானோமீட்டர். மேல்தோலில் உள்ள மெலனின் அதை அப்படியே விழுங்கிவிடும், தோல் வெந்துவிடும். இன்று நிலைமை வேறு.

அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும், ஒளி ஆழமாகப் போகும். இன்றைய லேசர் வகைகளில் அலெக்சாண்ட்ரைட் 755, டயோட் 800-க்குச் சற்று மேல், என்டி யாக் 1064 நானோமீட்டர். வெளுத்த சருமத்துக்கு அலெக்சாண்ட்ரைட் வேகமாகப் பலன் தரும். மாநிறத்துக்கு டயோட் நல்ல நடுவழி. நன்றாகக் கருத்த சருமத்துக்கு என்டி யாக்தான் பாதுகாப்பு. அது மேல்தோலை அதிகம் தொடாமல் வேருக்கு இறங்குகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. முடியின் மெலனினும் அந்த ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுவதால் சிட்டிங் கொஞ்சம் கூடும், வலியும் கூடும்.

தோல் மருத்துவர்கள் சருமத்தை ஆறு வகையாகப் பிரிப்பார்கள். வெயிலில் நின்றால் உங்கள் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்பதை வைத்து 1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் உருவாக்கிய அளவுகோல் அது. "என் சருமம் எத்தனையாவது வகை? அதற்கு எந்த அலைநீளம் வைக்கப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் படுக்க வேண்டாம். கருத்த சருமத்தில் தப்பு நடந்தால் சும்மா சிவந்து போகாது. மாதக்கணக்கில் நிற்கும் கருந்திட்டாகவோ வெண்திட்டாகவோ ஆகிவிடும்.

ஐபிஎல்லும் லேசரும் ஒன்றுதானா?

இல்லை. லேசர் ஒரே அலைநீள ஒளி. ஐபிஎல் (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) என்பது ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளம் கலந்த பளிச் ஒளி, வடிகட்டி போட்டு அனுப்புவார்கள். வெளுத்த சருமமும் கறுத்த முடியும் உள்ளவர்களுக்கு ஐபிஎல்லும் பலன் தரும். சருமம் கருக்கக் கருக்கச் சூடுபடும் ஆபத்து கூடும். சில பார்லர்களில் ஐபிஎல்லையே லேசர் என்று சொல்லிச் செய்கிறார்கள். மெஷினின் பெயரையும் வகையையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை.

நரைத்த முடிக்கும் செம்பட்டை முடிக்கும்?

நரைக்கும் வெளுத்த பொன்னிற முடிக்கும் லேசர் வேலை செய்யாது. செம்பட்டை முடியில் இருக்கும் மெலனின் வேறு வகை, அதிலும் பலன் சொற்பம். இவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு லேசர் செய்வது அநியாயம் என்றே சொல்வேன்.

இதற்கு வழி எலக்ட்ராலிசிஸ். ஒவ்வொரு மயிர்க்காலிலும் நூல் போன்ற ஊசியை இறக்கி மின்சாரம் செலுத்தி வேரை அழிப்பார்கள். 1875-இல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், உள்பக்கம் திரும்பி கண்ணைக் குத்தும் இமைமுடியை அகற்ற இந்த முறையைக் கையாண்டதாக எழுதினார். முடி எந்த நிறமாக இருந்தாலும் பலிக்கும். ஒவ்வொரு முடியாகச் செய்வதால் நேரம் எக்கச்சக்கமாக ஆகும். முகவாயில் நாலைந்து வெள்ளை முடி என்றால் தாராளமாகச் செய்யலாம், இரண்டு காலுக்கும் என்றால் நினைத்துப் பார்க்க முடியாது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. தாடியோ தாடைமுடியோ நரைக்கத் தொடங்கியிருந்து லேசர் செய்ய விரும்பினால், தள்ளிப்போடாதீர்கள். நரைத்தபின் அந்த முடிக்கு லேசர் உதவாது.

சிட்டிங்கில் என்ன நடக்கும்? வலிக்குமா?

முதலில் கண்ணுக்குக் கவசம். பிறகு செய்ய வேண்டிய இடத்தில் வெள்ளைப் பென்சிலால் கட்டம் போடுவார்கள், சில மெஷினுக்கு ஜெல் தடவுவார்கள். கைப்பிடியின் முனை தோலில் ஜில்லென்று படும். அடுத்த நொடி ரப்பர் பேண்டை இழுத்து விட்டாற்போல் சுரீரென்று ஒரு அடி. முடி கருகும் வாசனை வரும். ஆழமான, தடித்த முடி உள்ள இடத்தில் அந்தச் சுரீர் கூடும். அக்குள், மேலுதடு, அந்தரங்கப் பகுதி மூன்றும் நன்றாக வலிக்கும். கால் பரவாயில்லை. ஒவ்வொரு சிட்டிங்கிலும் முடி குறையக் குறைய வலியும் குறைந்துகொண்டே வரும்.

ஐந்து பத்து நிமிடத்தில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் புல்லரித்ததுபோல் சின்னச் சின்னதாகச் சிவந்து தடிக்கும். பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி, சூடு வேருக்குப் போயிருக்கிறது. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

மரத்துப்போகும் கிரீம் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. அமெரிக்காவில் இரண்டு இளம்பெண்கள், லேசருக்கு முன்பு கால் முழுக்க லிடோகெயின் மாதிரியான மரப்புக் களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினார்கள். மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறி வலிப்பு வந்து, கோமாவில் விழுந்து இறந்துபோனார்கள். 2007-இல் எஃப்.டி.ஏ. இதைச் சொல்லியே பொது எச்சரிக்கை வெளியிட்டது. சின்ன இடத்துக்கு, மருத்துவர் சொன்ன அளவுக்கு மட்டும் தடவலாம். கால் முழுக்க, முதுகு முழுக்க ஒருபோதும் வேண்டாம். மேலே எதையும் சுற்றவும் வேண்டாம்.

முன்னும் பின்னும் என்ன கவனிக்க வேண்டும்?

சிட்டிங்குக்கு முன் 4 வாரமாவது வேக்சிங், த்ரெட்டிங், பிளக்கிங், எபிலேட்டர் எதுவும் கூடாது. வேர் உள்ளே இருக்க வேண்டும். ஷேவிங் செய்யலாம், முந்தின நாள் செய்தே ஆக வேண்டும். தோலுக்கு மேல் முடி நீட்டிக்கொண்டிருந்தால் அது மேலேயே கருகித் தோலைச் சுடும். இரண்டு சிட்டிங்குக்கு நடுவிலும் இதே விதி. முகத்தில் ஷேவ் செய்வதா என்று பல பெண்கள் தயங்குகிறார்கள். ஷேவ் செய்தால் முடி தடிமனாகாது. வெட்டிய முனை மட்டையாக இருப்பதால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வெயிலில் கறுத்துப்போன தோலோடு வந்தால் தள்ளிப்போடச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே தள்ளிப்போடுங்கள். செய்த பிறகு ஓரிரு நாள் வெந்நீர்க் குளியல், ஜிம், வாசனைத் திரவியம் தவிர்த்து, எரிச்சல் இருந்தால் குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுத்தால் போதும். வெளியில் தெரியும் இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும்.

அடுத்த ஒன்று முதல் மூன்று வாரத்தில் முடி வளர்வதுபோலவே தெரியும். பதறிப்போய் "ஒன்றுமே ஆகவில்லை" என்று போன் செய்பவர்கள் அதிகம். குளிக்கும்போது லேசாகத் தேய்த்துப் பாருங்கள், கருகிய வேர்முனையோடு மிளகுப்பொடி மாதிரி கையில் உதிரும். செத்த முடி வெளியே தள்ளப்படுகிறது. பிடுங்காமல் விட்டுவிடுங்கள்.

பக்க விளைவுகள் என்ன? புற்றுநோய் வருமா?

இது எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது. லேசர் முடி நீக்கத்தால் தோல் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரமில்லை.

உண்மையான ஆபத்துகள் கொப்புளம், தீக்காயம், கருந்திட்டு, வெண்திட்டு, அரிதாகத் தழும்பு. இவற்றில் பெரும்பாலானவை தவறான மெஷின், தவறான அளவு, வெயிலில் கறுத்த தோல் ஆகிய மூன்றில் ஒன்றால் வருபவை. பச்சை குத்திய இடத்தில் லேசர் கூடவே கூடாது, மையிலும் நிறம் இருப்பதால் அது வெந்துவிடும். மச்சத்தின் மேல் அடிக்கக் கூடாது, மூடிவிட வேண்டும். புருவத்துக்குக் கீழே, கண்குழிக்குள் அடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. புருவத்தைச் சீராக்க லேசர் வேண்டாம்.

டாக்சிசைக்ளின் போல, வெளிச்சம் பட்டால் சருமம் எளிதில் பாதிக்கப்படும்படி செய்யும் மருந்து எடுத்தால் சொல்லிவிடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், இப்போது மருத்துவர்கள் ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுவதே வழக்கம். அந்த மாதங்களில் ஹார்மோனால் கூடுதலாக முளைக்கும் முடி பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே குறைந்துவிடும், அவசரப்பட ஒன்றுமில்லை.

லேசர் செய்ததால் முடி அதிகமாகிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எல்லோருக்கும் நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது. செய்த இடத்திலோ அதன் ஓரத்திலோ பூனைமுடி தடித்துக் கறுப்பாகிறது. பழைய ஆய்வுகளில் 0.6 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. முகம், கழுத்து ஆகிய இடங்களில், மாநிறம் முதல் கருப்பு வரையான சருமத்தில், ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு அதிகம். வேரைக் கொல்லப் போதாத சூடு அதைத் தூண்டிவிடுகிறது என்பது பரவலான விளக்கம்.

கன்னத்துப் பூனைமுடிக்கு லேசர் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். கண்ணாடிக்கு மிக அருகில் நின்று பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய முடிக்காகப் போய், தூரத்திலிருந்தே தெரியும் முடியோடு திரும்பிய பெண்களின் வேதனை லேசானதல்ல. முழு முகத்துக்கும் செய்யலாம் என்று ஆசை காட்டினாலும், தடித்த கறுத்த முடி இருக்கும் இடத்துக்கு மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

எனக்கு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருக்கிறது, தாடையில் முடி வருகிறது. லேசர் செய்யலாமா?

செய்யலாம். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பிளக்கரோடு நிற்பவர்கள். இதை வெறும் அழகு சமாச்சாரம் என்று ஒதுக்குவது தப்பு. தாடைமுடி குறைந்தால் மனபாரமும் குறைவதைப் பார்க்க முடிகிறது.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். லேசர் இன்று இருக்கும் தடித்த முடியை அழிக்கும். ஆண்ட்ரோஜன் எனும் ஆண்தன்மை ஹார்மோன் பக்கத்தில் இருக்கும் பூனைமுடியை நாளைக்குத் தடித்த முடியாக மாற்றிக்கொண்டே இருக்கும். குழாயை மூடாமல் தண்ணீரைத் துடைத்தால் தரை காயாது. அதனால் லேசருக்கு முன்பு, இல்லாவிட்டால் கூடவே, மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போவது, தலைமுடி நடுவில் மெலிவது, அடங்காத முகப்பரு இவையும் சேர்ந்து இருந்தால் கட்டாயம் பாருங்கள். முடி திடீரென்று சில மாதங்களில் வேகமாக வளர்ந்து, குரலும் தடித்தால் தாமதமே கூடாது, அரிதாகச் சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம்.

மருந்து பலன் காட்டவே ஆறு மாதம் ஆகும். எஃப்லார்னிதைன் என்ற கிரீம் முகமுடி வளர்வதை மெதுவாக்கும். லேசரோடு சேர்த்துப் பயன்படுத்தினால் பலன் கூடுகிறது, நிறுத்தினால் பழையபடி வளரும். இப்படியெல்லாம் செய்தும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சிட்டிங் மற்றவர்களைவிட அதிகம் வேண்டும், பராமரிப்பும் தொடரும். தினசரி பிளக்கிங்கிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்ற நிலைக்கு வருவதே நியாயமான எதிர்பார்ப்பு.

ஆண்கள் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. ஷேவ் செய்தால் கழுத்தில் முடி உள்ளே சுருண்டு கொப்புளம் கொப்புளமாக வருகிறதே, அதற்கு லேசரைவிட நல்ல தீர்வு குறைவு. சுருட்டை முடியும் கருத்த நிறமும் உள்ளவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை அதிகம், அவர்களுக்கு என்டி யாக்.

அப்புறம் பிலோனிடல் சைனஸ். வால் எலும்புக்கு மேல் பிளவில் முடி உள்ளே புகுந்து சீழ் வைக்கும் கட்டி அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும், இளைஞர்களுக்கு அதிகம், அறுத்தாலும் திரும்ப வரும். 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 11 முதல் 21 வயதுக்கு உட்பட்டவர்களில் வழக்கமான சிகிச்சையோடு லேசரும் செய்துகொண்டவர்களில் ஓராண்டில் கட்டி திரும்பியது சுமார் 10 சதவீதம் பேருக்கு, லேசர் இல்லாதவர்களில் சுமார் 34 சதவீதம் பேருக்கு. இந்தக் கட்டியால் அவதிப்படுபவர் வீட்டில் இருந்தால் அவருடைய அறுவை சிகிச்சை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

சரி, கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம், இப்போது ஆண்டுக்கு வேக்சிங், த்ரெட்டிங், ரேஸருக்கு என்ன செலவாகிறது, போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று. இன்னொரு பக்கம் 8 சிட்டிங்கின் மொத்தச் செலவு, அதோடு அடுத்த மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு இரண்டு பராமரிப்பு சிட்டிங். ஆறோடு கணக்கை நிறுத்தாதீர்கள், ஆறில் முடியாதவர்கள் நிறைய.

மாதம் தவறாமல் பார்லருக்குப் போய் வேக்சிங் செய்பவர்களுக்கு, சில ஆண்டுகளில் லேசர் தன் செலவை ஈடுகட்டிவிட வாய்ப்பு உண்டு. வீட்டிலேயே ரேஸரால் முடித்துக்கொள்பவர்களுக்குப் பணக் கணக்கில் அது ஈடாகவே ஆகாது. அவர்கள் செலவுக்குப் பதிலாகப் பெறுவது வேறு. ஷேவிங்கால் வரும் அரிப்பு, கட்டி, அக்குள் சொரசொரப்பு இவற்றிலிருந்து விடுதலை. அந்தத் தொல்லை உங்களுக்கு உண்டா, இல்லையா என்பதுதான் விடை. தொல்லையே இல்லாமல், ரேஸரே போதும் என்று இருப்பவர் கடன் வாங்கி லேசர் செய்ய வேண்டிய எந்த அவசியமும் இல்லை.

என் கணிப்பில் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது அக்குள். சின்ன இடம், கட்டணம் குறைவு, முடி தடிமன், வெயில் படாத தோல். முதலில் அக்குளில் ஒரு சுற்று செய்து பாருங்கள். உங்கள் முடி எப்படி ஒத்துழைக்கிறது, அந்த இடத்தில் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று இரண்டும் தெரிந்துவிடும். அப்புறம் காலுக்குப் போகலாம்.

முழு உடம்புக்கும் பேக்கேஜ் எடுத்தால் மலிவு என்கிறார்களே?

ஒரு சதுர அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் மலிவுதான். உங்களுக்குத் தேவையே இல்லாத வயிறு, முதுகு, மேல்கைப் பூனைமுடிக்கும் சேர்த்துப் பணம் போகிறது என்பதையும் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டிவிட்டு, நடுவில் கிளினிக் மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? சிட்டிங் கணக்கில் கட்டுங்கள். மிஞ்சினால் மூன்று சிட்டிங்குக்கு மேல் முன்பணம் வேண்டாம். பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை எழுத்தில் இருக்கட்டும். "இன்றைக்கு மட்டும் இந்த ஆஃபர்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தோல் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கப்போகிறது.

வீட்டில் வைத்துச் செய்யும் மெஷின் வாங்கலாமா?

பெரும்பாலானவை ஐபிஎல். பாதுகாப்புக்காக ஆற்றலைக் குறைத்து வைத்திருப்பார்கள், அதனால் பலனும் மெதுவாக வரும், விட்டுவிட்டால் முடி திரும்பும். வெளுப்பு முதல் மாநிறம் வரை உள்ளவர்கள், விடாமல் செய்யும் பழக்கம் இருந்தால், கால் கைக்குப் பயன்படுத்தலாம். நன்றாகக் கருத்த சருமத்துக்கு இந்த மெஷின்கள் பெரும்பாலும் ஆகாது. சிலவற்றில் தோல் நிறத்தைப் பார்க்கும் சென்சார் இருக்கும், கருத்த தோலில் வைத்தால் மெஷின் ஒளியே வீசாது. அதை ஏமாற்றி ஒளி வீசவைக்கும் குறுக்குவழிகளை நம்பிச் சுட்டுக்கொள்ளாதீர்கள். தாடைமுடிக்கும் இது வேண்டாம், குறைந்த சூடு முடியைத் தூண்டிவிடும் என்று மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

எந்த இடத்துக்குப் போவது? என்ன கேட்பது?

தோல் மருத்துவர் நேரில் பார்க்கும் இடம். மெஷினை டெக்னீஷியன் இயக்கலாம், ஆனால் சருமத்தைப் பார்த்து அளவை முடிவு செய்பவரும், ஏதாவது ஆனால் வந்து பார்ப்பவரும் மருத்துவராக இருக்க வேண்டும். இது எந்த வகை லேசர், எனக்கு ஏன் இது, பேட்ச் டெஸ்ட் செய்வீர்களா, கொப்புளம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, என் நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். காதுக்குக் கீழேயோ அக்குளிலோ ஒன்றிரண்டு அடி அடித்துப் பார்த்து, ஓரிரு நாள் கழித்துத் தொடங்குபவர்கள் நம்பத் தகுந்தவர்கள். முடி கருகும் புகையை உறிஞ்சும் குழாயை அருகில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. அந்தப் புகையில் நுரையீரலுக்கு ஆகாத ரசாயனங்கள் இருப்பது தெரிய வந்திருக்கிறது. அங்கே நாள் முழுக்க நிற்கும் ஊழியருக்கும் அது பாதுகாப்பு.

ஒவ்வொரு சிட்டிங்கிலும் வைத்த ஜூல் (ஒளியின் ஆற்றல்) அளவையும் துடிப்பின் நீளத்தையும் உங்கள் அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஊர் மாறினாலும் கிளினிக் மாறினாலும் அடுத்தவர் அங்கிருந்து தொடரலாம்.

மூன்று நான்கு சிட்டிங் ஆகியும் மாற்றமே இல்லை. தொடரலாமா?

தொடர வேண்டாம், கொஞ்சம் நிறுத்துங்கள். முதல் சிட்டிங்குக்கு முன்பே அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இப்போது கைகொடுக்கும், ஏனென்றால் மெதுவாகக் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. போட்டோவிலும் வித்தியாசம் இல்லையென்றால் மூன்று சாத்தியங்கள் உண்டு. பயந்துகொண்டு அளவை மிகக் குறைவாக வைத்திருக்கலாம். அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும், மூன்று சிட்டிங்கிலும் ஒரே எண் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் முடிக்கு அந்த மெஷின் பொருந்தாமல் இருக்கலாம், வேறு அலைநீளம் உள்ள இடத்தில் ஒரு சிட்டிங் பார்க்கலாம். முகமாக இருந்தால் ஹார்மோன் பரிசோதனை செய்யாமல் அடுத்த பணத்தைக் கட்டாதீர்கள். முடி குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் அன்றே நிறுத்திவிட்டு, அந்த போட்டோக்களோடு வேறொரு தோல் மருத்துவரைப் பாருங்கள். அதையும் சரியான அளவில் லேசர் வைத்தோ எலக்ட்ராலிசிஸ் செய்தோ சரிசெய்ய வழியுண்டு.